வலப்பக்க அலுமாரியும் ஒரு பழஞ்சட்டமும்

தையல் மெசினுக்கு விடுகிற எண்ணெயின் வாசம் எனக்குத் துவக்கின் வாசம்.

போன கிழமை மெசின் இறுகிக் கிடந்தது. தகட்டைக் கழற்றி மூன்று சொட்டு விட்டு, கைச்சில்லைச் சுற்றினேன். மெல்லிய வாசம், கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் இரும்பு. அது எழும்பியதும் நான் இப்போது இருக்கிற ஓல்போர்க் நகரத்தில் இல்லை, ஐம்பது வயதிலும் இல்லை. பிராண்டேக்கு வெளியே உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே ஒரு பண்ணை வீட்டின் மாடிப்படி திரும்புகிற படிமுடக்கில், ஐந்து மாத வயிற்றோடு, ஓர் அலுமாரிக் கதவைப் பிடித்தபடி நிற்கிறேன்.

எண்பதுகளின் நடு அது. நானும் இவரும், என் கணவரைச் சொல்கிறேன், அகதி முகாமிலிருந்து விசா கிடைத்து வெளியே வந்திருந்தோம். எனக்குத் தையல் தொழிற்சாலையில் ஓவர்லொக் மெசினில் வேலை. அடுத்த மெசினில் தைத்த டெனிஷ்காரி, என் வயிறு தெரியத் தொடங்கியதும், தங்கள் வீட்டின் மேல்மாடியை எங்களுக்கு வாடகைக்குத் தந்தாள். இரண்டு அறை, ஒரு குசினி. ஒரு ஜன்னலில் காடு, மற்ற ஜன்னலில் பன்றிக் கொட்டில். சமைக்கிற நேரத்துக்கு யாருக்கும் பின்னால் வரிசையில் நிற்க வேண்டாத குசினி. அந்தக் குசினியின் நடுவில் நின்று நான் ஒரு முறை கைகளை விரித்துச் சுழன்று பார்த்தேன், எங்கும் முட்டவில்லை. பிள்ளை இங்கேதான் பிறக்கும் என்று அந்தச் சுழலிலேயே முடிவெடுத்துவிட்டேன்.

இவர் குசினியைப் பார்க்கவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் பின்பக்கத்தால் எப்படி வெளியே போகலாம் என்றுதான் முதலில் பார்ப்பார். அங்கே குசினி ஜன்னல், அதன் கீழே கொட்டிலின் கூரை, கூரையிலிருந்து வேலி. பார்த்ததோடு நிற்கவில்லை, பட்டப்பகலில் குதித்தும் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் எழும்பிச் சேறு தட்ட, வீட்டுக்காரி உடுப்புக் காயப்போட்டபடி, திறப்பைத் துலைத்துவிட்டாரா என்று என்னிடம் கேட்டாள். ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

இவருடைய ஊர் எல்லையூர். ஒரே குளத்துத் தண்ணீரில் இரண்டு மொழிக்காரரும் வயல் செய்த இடம். ஒருநாள் அரசாங்கம் மற்ற மொழிக்காரர் இருந்த பக்கத்து ஊருக்கு மட்டும் துவக்குகள் கொடுத்தது, உங்களை நீங்களே காத்துக்கொள்ளுங்கள் என்று. காட்சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வரம்பில் நடந்தவர்கள் தோளில் துவக்கோடு நடக்கத் தொடங்கினார்கள். இவருடைய அப்பாவிடம் விதைநெல் கடன் கேட்டு வந்த மனிதர்கள். மாமாவை, இவருடைய அந்த அப்பாவை, வயலுக்குள் சுட்டது ஆமி இல்லை, அந்தத் துவக்குகளில் ஒன்று. எது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் இவருக்கு ஆமிச் சீருடையைக் கண்டால் பயம், ஆனால் அயலட்டையில் துவக்கென்றால் பயம் இல்லை, வேறொன்று. அதற்கு இன்றுவரைக்கும் நான் சொல் தேடிக்கொண்டிருக்கிறேன்.

குளிர் தொடங்கியது. படிமுடக்கு அலுமாரியில் கம்பளிப் போர்வை இருக்கிறது, எடுத்துக்கொள் என்றாள் வீட்டுக்காரி. படிமுடக்கில் இரண்டு அலுமாரி. நான் வலப்பக்கத்தை முதலில் திறந்தேன்.

மடிப்புக் கலையாத பச்சைச் சீருடை. சப்பாத்து. இரும்புத் தொப்பி. பின்னால் சாய்ந்தபடி, மரப்பிடியோடு, எண்ணெய் பூசிய நீட்டுத் துவக்கு.

மூடினேன். இடப்பக்கத்தைத் திறந்து போர்வைகளை எடுத்தேன். மேலே போனதும் இவர், என்ன முகம் வெளிறிப்போச்சு என்று கேட்டார். படி ஏறினதுதான் என்றேன். அது முதல் பொய். எனக்கு அந்தக் குசினி வேண்டும். அவ்வளவுதான், அதற்குமேல் நியாயம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

அடுத்தநாள் இடைவேளையில் வீட்டுக்காரியிடம் மெல்லச் சொன்னேன். அவள் வாயில் பாணோடு சிரித்தாள். நான் அவளுடைய கணவரின் றப்பர்ச் சப்பாத்தைக் கண்டுவிட்டதுபோல. அது அவற்ற துவக்குத்தானே, அடுத்த பண்ணையிலும் ஒன்று இருக்கிறது, தபால்காரரிடமும் இருக்கிறது, தேவாலயத்தில் மணி அடிக்கிறவரிடமும் இருக்கிறது. அநேகமான சனிக்கிழமைகளில் எல்லாருமாகக் காட்டுக்குள் போய் ஈரப்புல்லில் படுத்துக் கிடந்து, இருமலோடு வீட்டுக்கு வருவார்கள். இதுதான் அவள் தந்த விளக்கம்.

நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் அவளும் நிறுத்தினாள். பின்னேரம் கணவரோடு கோப்பி குடிக்கக் கூப்பிட்டாள்.

அவர் பன்றி வளர்க்கிறவர். அகலமான மனிதர், குரல் சின்னது. மேசையில் கேக்கை வெட்டி வைத்துவிட்டு, நிதானமாக, எனக்கு விளங்கும் டெனிஷில் சொன்னார். தான் சின்னப் பெடியனாக இருந்தபோது ஜெர்மன்காரர் ஒரு விடியற்காலையில் நாட்டுக்குள் வந்தார்கள், காலைச் சாப்பாட்டுக்கு முதலே எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வெட்கம் பெரியவர்களின் முகத்தில் இருந்ததைத் தான் பார்த்ததாம். யுத்தம் முடிந்து சில வருடத்தில் சட்டம் போட்டார்கள்: விரும்பி வருகிற குடிமகன் சம்பளமில்லாமல் பயிற்சி எடுப்பான், துவக்கு அவன் வீட்டிலேயே இருக்கும், அடுத்த முறை விடியற்காலையில் யாராவது வந்தால் எங்கும் ஓடிப்போய் எடுக்கத் தேவையில்லை.

துவக்கை வேறெங்காவது வைக்கச் சொல்லிக் கேட்டேன். முடியாது, சட்டம் என்றார். எந்தச் சட்டம், நான் பார்க்க வேண்டும் என்றேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவருடைய முகம் மலர்ந்தது. வாசித்துப்போட்டு வா, கதைப்போம் என்றார். பழையதையும் வாசி என்றார். எங்கட இந்த யூலாந்துப் பக்கத்துச் சட்டம், எழுநூறு வருசத்துக்கு முந்தினது.

டெனிஷில் எல்லாருக்கும் ஒரே 'நீ'. அவருடைய வாய்க்குத் தமிழ் போடும்போது மட்டும் நீயா நீங்களா என்று என் கை தடுமாறுகிறது.

அப்படித்தான் வேலை முடிந்து பஸ்ஸில் பிராண்டே நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். அகராதி ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். என் டெனிஷ் அப்போது 'பாண் எங்கே இருக்கிறது' அளவில்தான். ஆனால் எனக்குத் தேவை இருந்தது. தேவை இருந்தால் மொழி வழி விடும். ஒரு வசனத்துக்கு ஒரு மணித்தியாலம். சேருகிறவன் நம்பத்தக்கவனா என்று ஊர்க்குழு ஒன்று பார்க்க வேண்டும். தளபதி இல்லை, கொம்யூன் என்கிற உள்ளூர்ச் சபை நியமித்த சாதாரண சனம். அந்த இடத்தில் பென்சிலால் கோடு கீறப்போய், புத்தகம் என்னுடையதில்லை என்று கையை எடுத்தேன்.

பழைய சட்டத்தை நூலகத்துப் பெண் இன்றைய டெனிஷில் எடுத்துத் தந்தாள். அதை வாசித்தபோது எனக்குள் என்னவோ அசைந்தது. கடலால் சூழ்ந்த நிலம், கடலால் வரும் எதிரி. ஆகவே நிலத்தையே கப்பல்களாகப் பிரித்திருந்தார்கள். இத்தனை பண்ணைக்கு ஒரு கப்பல். அந்தக் கப்பலுக்குள் இத்தனை பண்ணைக்கு ஓர் ஆள். இந்த வருடம் ஒருவன் போனால் அடுத்த வருடம் மற்றவன். போகிறவன் கேடயம், வாள், ஈட்டி, இரும்புத் தொப்பியோடு போக வேண்டும். போகாமல் வீட்டில் இருப்பவர்கள் அவனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட வேண்டும். கப்பலை நடத்துகிறவன் வில் வைத்திருக்க வேண்டும், தனக்கு எய்யத் தெரியாவிட்டால் எய்யத் தெரிந்த ஒருவனையும் வைத்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

வேலியாலும் கிணற்றாலும் நிலம் பிரிவதைத்தான் நான் பார்த்திருந்தேன். நிலம் கப்பலாய்ப் பிரிவதை அன்றுதான் பார்த்தேன். பஸ்ஸில் திரும்பும்போது ஒவ்வொரு பண்ணை விளக்கும் ஒரு துடுப்புப்போலத் தெரிந்தது. வீட்டில் இருக்கிறவருக்கும் பங்கு இருக்கிறது, வயிற்றில் கையை வைத்தபடி அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு போனேன். அப்படியானால் எனக்கும் பங்கு. நானும் அந்த வீட்டில் இருக்கிறவள்தானே.

அந்தத் துணிவோடு கீழே போய் வீட்டுக்காரரிடம் என் பேரத்தை வைத்தேன். அலுமாரிக்குப் பூட்டு. சீருடையைக் கொட்டிலில் போய் மாற்ற வேண்டும். காட்டுக்குப் போகிற சனிக்கிழமைகளை எனக்கு முன்னமே சொல்ல வேண்டும். என் கணவருக்கு எதுவும் தெரியக் கூடாது. ஏன் என்று கேட்டார். மாமாவின் கதையைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த சொற்களில் அந்தக் கதை மூன்று வசனம்தான் வந்தது. மூன்றும் போதுமாக இருந்தது. வீட்டுக்காரி எழும்பிப்போய் ஜன்னலடியில் நின்றாள்.

பூட்டு முதலே போட்டிருக்க வேண்டும், அது என் பிழை என்றார் அவர். மிச்சத்துக்கும் சம்மதித்தார். ஆனால் எழும்பும்போது சொன்னார்:

"பழைய நாளில ஆயுதத்தைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்னால காட்டவேணும். இன்னாரிட்ட இன்னது இருக்கெண்டு ஊருக்குத் தெரியவேணும். அயலுக்குத் தெரியாமல் வைச்சிருக்கிறது கள்ளன்ர ஆயுதம். நீ என்னைக் கள்ளனாக்கிறாய். பிள்ளை பிறக்க முதல் அவருக்குச் சொல்லு."

சொல்லுறன் என்றேன். சொல்லவில்லை.

அவர்கள் காட்டுக்குப் போகிற சனிக்கிழமை வந்தால் நான் இவரை ஹேர்னிங் நகரத்துக் கடைகளுக்கு இழுத்துக்கொண்டு போவேன். கம்பளி நூல் பார்ப்பேன். வாங்காத சப்பாத்தெல்லாம் போட்டுப் பார்ப்பேன். கர்ப்பிணிக்கு நடை நல்லது என்பேன். இவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தபடி, "உமக்கென்னப்பா, சனிக்கிழமை வந்தால் கால் ஓரிடத்தில நிக்காதோ? பிள்ளை கடைக்குள்ளதான் பிறக்கப்போகுது," என்பார். கடைக்காரி என்னைக் கண்டாலே சிரிக்கத் தொடங்கினாள். அந்தப் பொய்க்குள்ளும் நாங்கள் சந்தோசமாக இருந்தோம் என்பதை எழுதத்தான் வேண்டும்.

ஏழு கிழமை. ஒவ்வொரு நாளும் அந்த அலுமாரியைக் கடந்து ஏறி இறங்கினேன். வீட்டுக்காரர் இவரோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். முதலெல்லாம் பன்றிக் குட்டி காட்டக் கூப்பிடுவார், இப்போது இவரைக் கண்டால் தொப்பியைத் தொட்டுவிட்டுக் கொட்டிலுக்குள் போய்விடுவார். எங்களுக்குப் பன்றி மணம் பிடிக்கேல்லை எண்டு அவருக்குக் கோபமோ, என்று இவர் என்னைக் கேட்டார். ஒரு நேர்மையான மனிதனை நான் இவருடைய கண்ணில் கோபக்காரனாக ஆக்கிக்கொண்டிருந்தேன். மறைக்க மறைக்கத் துவக்கு பெருத்துக்கொண்டு போனது. படியில் நான் இறங்கும்போது முதலில் அதன் மணம்தான் வரும், பூட்டு இருந்தும்.

ஒரு ஞாயிறு காலை. இவர் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். வானொலியில் தேவாலய மணி. இனி ஒரு சனிக்கிழமைகூட என்னால் முடியாது என்று எழும்பினேன்.

"இஞ்சருங்கோ, கீழ அலுமாரியில துவக்கு இருக்கு. வீட்டுக்காரற்ற. சட்டப்படி குடுத்தது."

கத்தி நின்றது. இவர் ஜன்னலைப் பார்ப்பார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்தார்.

"எப்ப தெரியும் உமக்கு?"

"ஏழு கிழமை."

கத்தியைக் கழுவினார். துடைத்தார். இடத்தில் வைத்தார். பிறகு, துவக்கு இருக்கிறது ஒரு பக்கம், அது தெரிந்த ஆள் எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தது இன்னொரு பக்கம் என்றார். குரல் உயரவில்லை. வீட்டுக்காரரோடு கதைக்க வேண்டும், நீர் வந்து மொழிபெயர்த்துச் சொல்லும் என்று கீழே இறங்கினார். முன்படியால், கையால் தலைமயிரைக் கோதிக்கொண்டு.

வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்தார். காத்திருந்தவர்போலத் திறப்பை எடுத்தார். இவர் கேட்காமலே துவக்கைக் கொண்டுவந்து, சுடுவதற்கு வேண்டிய இரும்புத் துண்டைக் கழற்றித் தனியாக வைத்து, சாப்பாட்டு மேசையில் கிடத்தினார். எண்ணெய் மணம் கோப்பி மணத்துக்குள் இறங்கியது. தொடக்கூடாது, பார்க்கலாம் என்றார். வீட்டுக்காரி வழக்கம்போலக் கோப்பைகளை வைக்க வந்து, வைக்க இடமில்லாமல் கையில் பிடித்தபடி நின்றாள்.

இவர் பார்த்தார். பிறகு, இதைத் தந்தது ஆர் என்று கேட்டார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து சொல்லத் தொடங்கினேன். நூலகத்தில் பொறுக்கிய சொல் எல்லாவற்றையும் அங்கே கொட்டினேன். ஊர்க்குழு, சம்பளமில்லாத பயிற்சி, நிலத்தைக் கப்பலாகப் பிரித்த பழைய சட்டம், வீட்டில் இருக்கிறவர்களின் பங்கு. சட்டம் என்ற சொல்லை எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. மொழிபெயர்க்கவில்லை, வாதாடினேன். குசினிக்காக வாதாடினேன்.

இவர் கேட்டு முடித்தார்.

"எங்கட பக்கத்திலயும் சட்டத்தோடதான் குடுத்தவை. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது."

இதை வீட்டுக்காரருக்குச் சொல்ல எனக்கு நேரம் எடுத்தது. சொன்னேன். அவர் கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்தார்.

அடுத்ததாக இவர் கேட்டது: அந்தக் குழுவில் எங்களைப்போல ஆரும் இருக்கினமோ? வீட்டுக்காரர் யோசிப்பதாக நடிக்கவில்லை. இல்லை என்றார். நீங்கள் இந்த நாட்டுக் குடிமக்கள் ஆனால் வரலாம், ஆனால் இன்றைக்கு இல்லை. பிறகு, தன் மனைவியைப் பார்க்காமலே, தான் விலகிவிடலாம், துவக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். இருபது வருடத்துக்கு மேல் அதைத் துடைத்து வைத்திருந்த மனிதர். குசினி என் கைக்குள் திரும்பி வந்த மாதிரி இருந்தது. உடனே மொழிபெயர்த்தேன்.

"வேண்டாம். உங்கட நாடு, நீங்கள் காக்கத்தான் வேணும்," என்றார் இவர். "எங்களுக்கும் அப்பிடி ஆரும் காவல் நிண்டிருந்தால் நல்லம். நான் இந்த வீட்டில இருக்கேலாது. அவ்வளவுதான்."

வீட்டுக்காரி அப்போதுதான் கோப்பைகளைத் துவக்கின் இரண்டு பக்கமும் வைத்தாள். எல்லாரும் குடித்தோம்.

மேலே வந்ததும் நான் அழுதேன், கோபத்தில். ஏழாம் மாத வயிற்றோடு எங்கே போவது என்று கத்தினேன். இவர் அசையவில்லை. அந்த அசையாமையைப் பார்த்தபடி இருந்தபோது எனக்குள்ளும் ஒன்று இறுகியது. சரி, போவோம். ஆனால் இதுவரை நாங்கள் விட்டு வந்த வீடெல்லாம் ஓடி வந்த வீடு. பின்வேலியால், சட்டியில் சோறு இருக்க, விளக்கு எரிய விட்டுவிட்டு வந்தவை. இந்த வீட்டிலிருந்து நான் ஓட மாட்டேன். சட்டத்தில் சொன்னபடி எழுத்தில் அறிவித்தல் கொடுப்போம். சுவரைத் துடைப்போம். அடுப்பை மினுக்குவோம். பகல் வெளிச்சத்தில், முன்வாசலால், பெட்டிகளோடு போவோம். இவரிடம் இதை ஒரு கட்டளைபோலச் சொன்னேன். ஓம், அப்பிடியே செய்வம் என்றார். அறிவித்தலை நானே எழுதினேன். என் முதல் டெனிஷ்க் கடிதம் அது. எழுத்துப் பிழைகளை வீட்டுக்காரிதான் திருத்தித் தந்தாள், தன்னுடைய வீட்டை விட்டு நாங்கள் போகிற கடிதத்தை.

ஓல்போர்க்கில் ஓர் அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. கொண்டுபோக வாகனம் இல்லை என்றதும் வீட்டுக்காரர் தன் காருக்குப் பின்னால் பன்றி ஏற்றும் இழுவைப்பெட்டியைப் பூட்டினார். இரண்டு நாள் அதைக் கழுவினார். கழுவியும் மணந்தது. எங்கள் மெத்தை அந்த மணத்தோடுதான் ஓல்போர்க்குக்குப் போனது, பிள்ளை பிறந்து மாதங்கள் ஆகும்வரை அந்த மணம் போகவில்லை. வழி நெடுக முன்சீற்றில் இவரும் வீட்டுக்காரரும், பின்னால் வயிற்றோடும் அரிசி மூட்டையோடும் நான். உருளைக்கிழங்கு எப்போது நடுவது, நெல் எப்போது விதைப்பது, இதுதான் கதை. அவர்களுக்குச் சொல் முட்டிய இடத்தில் மட்டும் மொழிபெயர்த்தேன். அப்போதுதான் விளங்கியது, இவர்கள் இரண்டு பேரும் அந்த ஏழு கிழமையும் கதைத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடு மாறிவிட்டேன், ஓரிடத்தில் நிற்காத கால். எல்லா வீட்டையும் பகலில், முன்வாசலால்தான் விட்டிருக்கிறேன்.

அன்று ஓல்போர்க்கில், கட்டிடத்தின் முன்னால் கடைசிப் பெட்டியையும் இறக்கியாயிற்று. வீட்டுக்காரர் படிக்கட்டுக்குள் வந்து, சுவரில் இருந்த தபால்பெட்டிகளைப் பார்த்தார். எட்டுக் குடும்பம். தொப்பியைக் கழற்றி இவருடைய கையைப் பிடித்தார். இவருக்கு விளங்க வேண்டும் என்று மிக மெல்லச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன்.

"இந்த எட்டு வீட்டில எவனிட்ட என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியாது. ஆரையும் கொண்டு கேட்பிக்காத. நீயே கதவைத் தட்டிக் கேள்."

இவர் கையை விடவில்லை. முதலில் என்னைப் பார்த்தார், பிறகு அவரை. மொழிபெயர்ப்புக்கு நிற்காமல், தனக்குத் தெரிந்த கொஞ்ச டெனிஷையும் தமிழையும் கலந்து தானே சொன்னார்:

"கேப்பன். இண்டைக்கே கேப்பன், ஒவ்வொரு கதவா. நீங்கள் கவனமாப் போங்கோ அண்ணை."